மீன் அன்ரி மீன் சாப்பிடாத வைகாசி

எங்கள் ஊர் முல்லைத்தீவிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிற ஊர். கடல் எங்களிடம் ஸ்கூட்டியில்தான் வரும். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கோர்ன் அடித்தபடி காலையில் வருகிற அந்தக் கடலை நான் மீன் அன்ரி என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக் குசினியில் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்காமல் அவர் அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. பொறுமையில்லாத சனம் மீன் வாங்க எங்கள் படலைக்கே வந்துவிடும்.

நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த வருடம் அம்மா மாறிப்போயிருந்தார். தொட்டதற்கெல்லாம் ஏச்சு. திடீரென்று வேர்க்கிறது என்று வெறும் சீமெந்துத் தரையில் படுத்துவிடுவார். அதைவிட மோசம், அம்மாள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு மாமி வெள்ளிக்கிழமைகளில் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டால், "எனக்கு வரேலாது" என்று மட்டும் பதில் வரும். மாதத்தில் சில நாட்கள் பெண்கள் அப்படிச் சொல்வது எனக்குப் பழக்கம். அம்மாவோ மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாள் அம்மாவோடு கோபம் என்று நானே முடிவு செய்து, அவருக்காக மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். எனக்கு அடித்ததும் பருப்பை எரித்ததும் அம்மா செய்த குற்றங்களில் முக்கியமானவை.

அப்பா கட்டாரில். வீடியோவில் அம்மா சிரித்துக்கொண்டு, இங்கே ஒரு குறையும் இல்லை என்பார்.

உண்மையில் இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பின்னாளில் மாமி சொல்லித்தான் அறிந்தேன். தனக்கும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தது, ஒருவரும் எதையும் சொல்லித்தரவில்லை என்று முதலில் ஆறுதல் சொன்னவர் மாமிதான். போகப் போக அவருக்கே பயம் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். அம்மா மறுத்துவிட்டார். முந்தைய வருடம் எனக்கு டெங்கு வந்தபோது, பிள்ளை பிழைத்தால் வைகாசிப் பொங்கலுக்குப் பானை வைப்பதாக அம்மாளுக்கு நேர்ந்திருந்தார். நேர்த்தியை முடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். இரத்தம் நிற்காமல் கோயிலுக்குப் போக முடியாது. அம்மாவுக்குப் பதிலாக மாமியாவது வைத்திருப்பார், ஆனால் அவருக்கு அப்போது மைத்துனரின் செத்தவீட்டுத் துடக்கு, கோயிலுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது.

"நான் வைக்கிறன்" என்றார் ஒருநாள் குசினியில் மீன் அன்ரி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு.

"நீர் வேதக்காரர் எல்லே" என்றார் மாமி, அன்ரியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து.

"வேதக்காரர் வைச்சால் பால் பொங்காதோ? எனக்குத் துடக்குமில்லை, ஒண்டுமில்லை. ஆனால் அக்கா, பானை பொங்கின அடுத்த நாளே நீங்கள் என்னோட கிளினிக்குக்கு வரவேணும்."

அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பயமாக் கிடக்கு. என்ர அக்காவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது" என்றார். அந்தப் பெரியம்மாவை நான் சுவரில் மாட்டிய படத்தில்தான் கண்டிருக்கிறேன். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

"பயம்தான். மூண்டுபேருமாச் சேந்து பயப்பிடுவம், வாங்கோ" என்றார் அன்ரி.

பானை வைப்பவர் ஒரு கிழமை முழுக்க மச்சம் மாமிசம் சாப்பிடக்கூடாது. தவக்காலத்தில் தாங்களும் விடுகிறவர்கள்தானே என்று அன்ரி அதைச் சுலபமாக எடுத்துக்கொண்டார். தொடவும் கூடாது என்று மாமி சொன்னதும்தான் முகம் கொஞ்சம் மாறியது. பிழைப்பே மீன். ஆனாலும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் ஸ்கூட்டியில் வந்து தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஊர் முழுக்கக் கத்தரிக்காயும் பருப்பும் சாப்பிட்டுப் புறுபுறுத்தது.

பொங்கலன்று நானும் அன்ரியோடு போனேன். துடக்குக்காரி மாமி கோயில் எல்லைக்கு வெளியே றோட்டில் நின்றபடி, எந்தப் பக்கம் விறகு வைப்பது, எப்போது அரிசி போடுவது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். காற்றில் அடுப்புப் பிடிக்கவில்லை. அன்ரி புகையில் இருமினார். பக்கத்துப் பானைக்காரி ஒருத்தி சிரித்தாள், பிறகு தன் காய்ந்த விறகில் பாதியை இங்கே தள்ளிவிட்டாள். பூசாரி கேட்டபோது அன்ரி அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் தடுமாறாமல் சொன்னார். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைகூப்ப, அன்ரி நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மாள் கவனித்துவிட்டாரோ என்று நான் பயந்து உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அடுத்த நாள் மூவரும் பஸ் ஏறினார்கள். கிளினிக் என்று சொல்லிவிட்டு, என்னை விட்டு உடுப்பு வாங்கப் போகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து ஒப்பரேசன் செய்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்களாம், முடிவு வரச் சுணங்கியது. அம்மா வீட்டுக்கு வந்து படுத்திருக்க, மாமியும் அன்ரியும் மாறி மாறிச் சமைத்தார்கள்.

அன்ரி மறுபடி மீன் விற்கத் தொடங்கியிருந்தார். ஆனால் சாப்பிடவில்லை. மாமி பொரித்துப் போடும் பாரைத் துண்டைத் தன் சோற்றுக் கோப்பையிலிருந்து என் கோப்பைக்கு மாற்றிவிடுவார்.

"பொங்கல் முடிஞ்சுதுதானே அன்ரி, சாப்பிடுங்கோவன்" என்றேன்.

"வயித்துக்குச் சரியில்லைப் பிள்ளை, நீங்கள் சாப்பிடுங்கோ."

மாமி அவரைப் பார்த்துவிட்டு, அவர் சோற்றில் இன்னும் கொஞ்சம் பருப்பை விட்டார்.

சோதனை முடிவை வாங்கப் போன நாளில் மூவரும் வந்து குசினியில் இருந்து அழுதார்கள். பிறகு பார்த்தால் கண்ணீரோடு சிரிக்கிறார்கள். "ஒண்டுமில்லையாம் பிள்ளை, அம்மாவுக்குப் பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்று மாமி என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார்.

அன்ரி எழுந்து கையைக் கழுவினார். மீன்குழம்புச் சட்டியைத் தானே திறந்து, ஒரு கோப்பைச் சோற்றுக்குத் தலையும் துண்டுமாக அள்ளிப் போட்டு, முள்ளைக்கூட விடாமல் சூப்பிச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்து மறுபடியும் அழத் தொடங்கினார்.

அம்மா ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்ரியின் வயிற்று வருத்தம் மாறியதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன இடத்தில் அவருக்கும் ஏதோ நல்ல மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.