அப்பா கழற்றி வைத்த வயர்

எங்கள் கம்பியூட்டரில் புதிதாகப் பூட்டிய டிவிடி ரைட்டரில் எந்தப் பழுதும் இல்லை என்று நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பதினொரு வயது. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அப்போது இலங்கையில் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா, எனக்கு ஏழு வயதாகும்போது வீட்டு வேலைக்குக் குவைத் போய்விட்டாள். நான் படிக்க வேண்டும் என்று அவள் போனில் சொல்லிச் சொல்லித்தான் அப்பா அந்தப் பழைய கம்பியூட்டரை வாங்கினார். ஒரே அறையான எங்கள் காம்பிராவில் கட்டிலுக்கு அடுத்தபடி பெரிய சாமான் அதுதான். அதிலிருந்த சிடி டிரைவ் வாயைத் திறக்க மறுத்துப் பல மாதமாகியும் யாரும் கவலைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருந்த ஊரிலேயே வேலை செய்துவிட்டுத் திரும்பிய, எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் அக்கா ஒருத்தி எங்களைத் தேடி வந்தாள். அம்மா பேசியதைத் தன் போனில் படம் பிடித்து, அங்கேயே ஒரு கடையில் டிவிடியாக ஆக்கிக் கொண்டுவந்திருந்தாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவை வெளியே கூப்பிட்டு, தண்ணீர்க் குழாயடியில் நின்று வெகுநேரம் பேசினாள். திரும்பி வந்த அப்பா தேத்தண்ணீரைத் தொடவில்லை. என் கவனமெல்லாம் டிவிடி மேல் இருந்தது.

மறுநாளே பதுளைக்குப் போனோம். அங்கே அம்மாவின் அண்ணன், என் மாமா, கம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். டிவிடியைப் போட்டுப் பார்க்க மட்டும் முடிகிற சாதாரண டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"எழுதுறது வேணும், மச்சான்."

"படம் பார்க்கிறதுக்கு எதுக்கு ரைட்டர்?"

"இருக்கட்டும். குடுங்க."

வீட்டுக்கு வந்து பூட்டியதும் கம்பியூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. ரைட்டரும் தெரியவில்லை, முன்பு நன்றாக இருந்த ஹார்ட் டிஸ்க்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. போனில் மாமா விளக்கினார்: ஒரே பட்டை வயரில் இரண்டும் மாட்டியிருப்பதால் இரண்டுமே தன்னைத்தான் முதல் ஆள் என்று நினைத்துக்கொள்கிறதாம், ரைட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கழற்றி அடுத்த இடத்தில் செருக வேண்டுமாம். அப்பாவின் விரல்கள் தடித்தவை. நான்தான் அம்மாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் அதை இழுத்து மாற்றிப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. தட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"நாளைக்கு ஸ்கூல் விட்டு வா, பாப்பா. சேர்ந்து பார்ப்போம்" என்றார் அப்பா.

மறுநாள் ஓடி வந்தேன். அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூடி கழற்றிய பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ரைட்டர் வேலை செய்யல. மாமாகிட்டத்தான் கொண்டு போகணும்."

நான் அழுதேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபெக்டரிக்குக் கிளம்பிவிட்டார்.

இடுக்கி பிடித்த கை சும்மா இருக்குமா? பெட்டியை மெல்லத் திருப்பினேன். பிளாஸ்டிக் துண்டு போட்ட இடத்திலேயே இருந்தது. பட்டை வயரும் சரி. ஆனால் மின்சாரம் கொடுக்கும் வெள்ளை முனை மட்டும் ரைட்டரிலிருந்து விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. தானாகக் கழன்று விழுகிற முனை இல்லை அது. முதல்நாள் அப்பா அதை அழுத்திச் செருகப் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. செருகினேன். சுவிட்சைப் போட்டேன். உள்ளே டிவிடி இருந்திருக்கிறது. அது சுழன்று, தானாகவே படம் ஓடத் தொடங்கியது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெகுவாக மெலிந்திருந்தாள்.

"என்னங்க, இது உங்களுக்கு மட்டும். பாப்பா பக்கத்துல இருந்தா நிப்பாட்டிடுங்க" என்றாள்.

நான் நிப்பாட்டவில்லை. அவள் சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து முன்னால் நீட்டினாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. தைத்த தோல் மட்டும் பளபளத்தது.

"இறைச்சி அரைக்கிற மெஷின்ல மாட்டிக்கிச்சு. இப்ப வலி இல்லைங்க. ஆனா இனிமே கொழுந்து எடுக்க ஏலாது." சாமான் விலையைச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தாள். "இனிப் பாப்பாவுக்குப் பேசுறேன். இதை மட்டும் தனியா எடுத்து அவளுக்குக் காட்டுங்க."

அதற்குப் பிறகு அவள் எனக்குச் சொன்னது ஒன்றும் என் காதில் விழவில்லை. சுவிட்சை அணைத்தேன். வெள்ளை முனையை இழுத்து, முன்பு இருந்தபடியே தொங்கவிட்டேன். இழுக்கும்போது என் விரல்களைப் பார்த்தேன். எண்ணியும் பார்த்தேன். அன்று சோறு இறங்கவில்லை. ரைட்டர் பழுதாகிப்போன கவலை என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா பதுளை பஸ் ஏறினார். சாயங்காலம் புது டிவிடி ஒன்றோடு வந்தார். அதன்மேல் 'பாப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது, மாமாவின் கையெழுத்தில்.

"சரியாயிடுச்சு" என்றார்.

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா சால்வைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என் படிப்பை விசாரித்தாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள், எலியைப் பற்றி ஒரு கதை சொன்னாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். அப்பா ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில மாதங்களில் அம்மா வந்துவிட்டாள். கூட்டிவரப் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா, "பாப்பா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பதும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். கடைசிவரை சொல்லவில்லை.

கொழும்பு பஸ்ஸிலிருந்து அம்மா இடது கையில் பையோடு இறங்கினாள். வலது கை சேலை முந்தானைக்குள் இருந்தது. நான் ஓடிப்போய் நேராக முந்தானைக்குள் கையை விட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தைரியம் கொடுப்பதாக எனக்கு நினைப்பு.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லையே" என்றார் அப்பா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கையை முதல்முதலாகப் பார்க்கிற பிள்ளை பயந்து போயிருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. டிவிடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

நான் அழுத்திப் பிடித்ததில் வலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கையை விட்டுவிட்டேன்.