பெட்டியைத் திறவுங்கோ, அக்கா

வவுனியாவிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் புளியங்குளம் சந்தியில் நின்றபோதுதான் கைபேசியைப் பார்த்தேன். பவளம் அதிகாலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்று அவருடைய தம்பி எங்கள் விளையாட்டுக் குழுவுக்கு எழுதியிருந்தார். அதற்கு நேர்மேலே, முந்தைய நாள் பவளமே போட்ட செய்தி கிடந்தது. "ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் மலை ஏறுறம். எல்லாரும் மருந்தோட வாங்கோ." இரண்டையும் மாறி மாறி வாசித்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டிய பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

பவளராணியை உங்களில் பலர் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு உள்ளே நிற்பவராகத்தான் அறிவீர்கள். அக்கராயன் பக்கத்தில் ஒரு கிராம வைத்தியசாலையில் அவர் மருந்தாளர், நான் எழுதுநர். என்னைவிட மூன்று வயது இளையவர். ஊரடங்குக் காலத்தில் வாளும் மந்திரமும் ராட்சதரும் நிறைந்த ஒரு விளையாட்டைக் கைபேசியில் இறக்கி, ஆங்கில அறிவுறுத்தல்களை அகராதி வைத்து வாசித்து, தனியாகவே பழகிக்கொண்டார். பழகியவர் சும்மா இருக்கவில்லை. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த எங்கள் ஒன்பது பேரையும் அதற்குள் இழுத்துப்போட்டார். வீடுகளில் சிரித்தார்கள். "சிரிக்கட்டும். அவையள் காட்ஸ் விளையாடேக்க நாங்கள் சிரிச்சனாங்களே?" என்றார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான குறிப்புகளை ஓர் அப்பியாசக் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தார். முதல் ஊரை விட்டு அவசரப்பட்டு வெளியே போகக்கூடாது, அங்குள்ள ஒவ்வொருவருடனும் இரண்டு தரம் கதைக்க வேண்டும், இரண்டாம் தரம்தான் உண்மை சொல்வார்கள் என்பது முதற் குறிப்பு. பார்க்க வடிவாக இருக்கிறாள் என்று மந்திரக்காரியைத் தெரிவு செய்யாமல், கவசம் போட்ட தடித்த ஆளைத் தெரிவு செய்ய வேண்டும், அப்போதுதான் அடி வாங்கிப் பழகலாம் என்பது அடுத்தது. நான் வடிவான மந்திரக்காரியைத்தான் தெரிவு செய்தேன். ஊர் எல்லையில் ஒரு காட்டுப்பன்றி என்னைக் கொன்றுபோட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மருந்து அறையின் மின்விசிறிக்குக் கீழே, அதே பன்றியிடம் ஆறு தரம் செத்தேன். வயல் வைத்திருக்கிற எனக்குப் பன்றி புதிதல்ல, ஆனால் இது வேலிக்கும் வெடிக்கும் அடங்காத பன்றி. "ஓடுங்கோ அக்கா," என்றார் பவளம். எனக்கு ரோசம், ஓட மாட்டேன் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "ஓடினது தோல்வியில்லை. ஓடினபடியால்தானே நாங்கள் ரெண்டு பேரும் இதில இருந்து சாப்பிடுறம்," என்றார். ஏழாம் தரம் ஓடினேன்.

எங்கள் எல்லோருக்கும் ஒரு பொது வியாதி இருந்தது. விளையாட்டில் கிடைக்கும் சிவப்பு மருந்துக் குப்பிகளை ஒருவரும் குடிப்பதில்லை. பிறகு இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது தேவைப்படும் என்று பையில் கட்டிக் கட்டி வைப்போம். பை நிறைய மருந்தோடு செத்துக் கிடப்போம். பவளத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த ஒரு விடயத்தில்தான். யன்னலுக்கு உள்ளே இருந்து கதைக்கும் அதே குரலில், "மருந்து வைச்சிருக்கிறதுக்கு இல்லை, குடிக்கிறதுக்கு," என்று குழுவுக்கு ஒலிப்பதிவு அனுப்புவார்.

என்னுடைய வியாதி வேறொன்று. எல்லாத் தொடக்கக்காரருக்கும் எல்லோரும் சொல்லும் குறிப்பு, வழியில் உள்ள வீடுகளுக்குள் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார் என்பது. வாளும் கவசமும் அவற்றுக்குள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து ராட்சதன் இருக்கும் மலையை ஏறுவோம், அதன் அடிவாரத்தில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு சிற்றூர் வரும். கதவுகள் திறந்தபடி கிடக்கும். நான் வாசல்வரை போவேன், பிறகு திரும்பிவிடுவேன். அதனால் வாளோ கவசமோ இல்லாமல் மலை ஏறி, முதல் ஆளாக விழுவேன். என்னைத் தூக்க வந்து மற்றவர்களும் விழுவார்கள். மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. மூன்றாம் முறை யாரோ, "அக்கா ஒரு பெட்டியையாவது திறந்திருக்கலாம்," என்று எழுதினார். அதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்குச் சுட்டுவிட்டது. இனி நான் வரவில்லை என்று பவளத்திடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பது, அப்படிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பவளம் ஏன் என்று கேட்டார். ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்து போகையில், புதுக்குடியிருப்புக்குக் கிட்ட, ஆளில்லாத ஒரு வீட்டுக் குசினிக்குள் நுழைந்து அலுமினியப் பானை ஒன்றை எடுத்தேன். மகளுக்குக் கஞ்சி வைக்க என்னிடம் வேறு ஏனம் இல்லை. ஆருடைய வீடென்று இன்றும் தெரியாது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, எறியவும் மனமில்லை. ஊர் திரும்பிய நாள் முதல் அந்தப் பானை துணி சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அதில் ஒரு நாளும் சமைத்ததில்லை.

பவளம் மருந்து யன்னலைச் சாத்தினார். பிறகு, "நானும் ஒரு வீட்டில பால்மா எடுத்தனான், அக்கா," என்றார். "அரைவாசியைக் கிண்ணத்தில கொட்டி மூடி வைச்சிட்டு வந்தனான். எறும்புதான் திண்டிருக்கும். எண்டாலும் வைச்சிட்டு வந்தனான்." விளையாட்டிலும் அப்படித்தான், பெட்டியில் இருந்து எடுக்கலாம், வைக்கவும் ஏலும், வைப்பதை ஒருவரும் செய்வதில்லை என்றார். என்னை வற்புறுத்தவில்லை. தன்னுடைய கேடயத்தை எனக்குத் தந்தார். "திறக்க மனம் வராட்டிப் பரவாயில்லை. விட்டுட்டு மட்டும் போகாதேங்கோ. மனம் வரேக்க பெட்டியைத் திறவுங்கோ, அக்கா." நான் குழுவிலேயே நின்றேன். ஆனால் அவர் இருக்கும்வரை ஒரு பெட்டியையும் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம் விளையாட்டைத் திறந்தேன். பவளம் தொடங்கிய உலகம் அது. தான் இல்லாத நேரத்திலும் குழுவில் எவரும் உள்ளே போகலாம் என்று விட்டிருந்தார். அந்தச் சிற்றூருக்குப் போய், முதல் வீட்டு வாசலில் வழக்கம்போல நின்றேன். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சிவப்புக் குப்பி இருந்தது. பொருட்களுக்கு நாமே பெயர் எழுதி வைக்கலாம். அதில், மருந்து உறைக்கு மேல் எழுதுவதைப்போல எழுதியிருந்தார்: "அக்காவுக்கு. வைச்சிருக்காமல் குடியுங்கோ." அடுத்த வீட்டிலும் ஒன்று இருந்தது, அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது. நான் எந்த வீட்டில் தொடங்குவேன் என்று தெரியாமல் எல்லா வீட்டிலும் வைத்திருக்கிறார்.

என் உடம்பில் காயம் ஏதும் இல்லை, மருந்து வீணாகும் என்று விளையாட்டு எச்சரித்தது. முதல் குப்பியைக் குடித்தேன். வெறும் குப்பி என் பையில் இருக்கிறது, அதற்குப் பாரம் இல்லை. பவளத்திடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும் அந்தக் கேடயமும்தான். கேடயத்தை யார் கேட்டாலும் தர மாட்டேன்.

வரும் ஞாயிறு மலை ஏறுவோம். அதற்கு முதல் குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். அலுமாரிக்கு மேலே இருந்த பானையை இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன்.