எண்ணூர் ரோட்டில் ஒரு வெள்ளை கேக்

போன வாரம் ஒரு பிக்கப் வண்டியின் கூண்டுக்குள், கையில் கொளுத்திய ஊதுபத்தியோடு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனேன். வெளியிலிருந்து கதவைத் தாழ் போட்டிருந்தார்கள். நானாக விரும்பித்தான் ஏறினேன்... இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஸ்டெல்லா குடியிருக்கிறாள். கல்யாண கேக் செய்வது அவள் தொழில். அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்குவது அவள் கணவர் அந்தோணியின் வேலை. தகர ஷீட் அடித்து மூடிய சொந்த வண்டி. நகரத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வெள்ளை கேக் போகும். எண்ணூர் பக்கம் மட்டும் போகாது.

அந்தப் பக்கத்து ஆர்டர் என்றால் சாக்லேட்தான். ஏன்? கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் நிலக்கரித் தூளும் வண்டிக்குள் புகுந்து கேக் மேல் உட்கார்ந்துவிடும். சாக்லேட் நிறத்தில் அது தெரியாது... அவ்வளவுதான். ஏன் இப்படி என்று எண்ணூர்க்காரர்களும் கேட்டதில்லை.

பிரின்சி கேட்டாள். எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்துப் பெண். கல்யாண ஆர்டர் கொடுக்க வந்திருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"வெள்ளை கேக்குதான் வோணும் ஆன்ட்டி. மூணு அடுக்கு."

"சாக்லேட்ல சூப்பரா பண்ணித் தர்றேன்டி" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னா ஆன்ட்டி... கவுனு கூட வெள்ளையாத்தான் கீது. அதையும் ப்ரவுன்ல தச்சிக்கட்டுமா?"

ஸ்டெல்லா ஆர்டர் நோட்டை எடுத்தாள். சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தூக்கம் போயிற்று. கல்யாண ஹாலில் சாம்பல் பூத்த கேக்கை வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

பெட்டியில் வைக்கலாமே என்பீர்கள். பெட்டிக்குள்ளும் போகும் இந்தத் தூள். பிளாஸ்டிக் சுற்றினால் ஐசிங் அதோடு கழன்று வரும். ஆக, வண்டியைத்தான் அடைக்க வேண்டும்.

அடைத்தோம். பின்கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. மூலைகளில் சிலிகான் பசை. கூண்டின் முகப்பில், டிரைவர் கேபினுக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலுக்கு டேப். என் பங்குக்கு இடுக்குகளில் ஸ்பாஞ்ச். கேக்குக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தட்டை உள்ளே வைத்து எர்ணாவூர் வரை வெள்ளோட்டம் விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், தட்டில் விரலால் பெயர் எழுதலாம்!

"எவ்ளோ அடைச்சாலும் வந்துகினே கீதுக்கா. பேஜாரா பூட்ச்சி" என்றார் அந்தோணி.

இன்னும் டேப். இன்னும் பசை. இன்னும் தூசி.

அப்புறம் ஒரு நாள் தட்டு ஏறக்குறைய சுத்தமாக வந்தது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முன் ஜன்னலின் டேப் காற்றில் பிய்ந்து, ஜன்னல் பாதி திறந்து கிடந்தது. திறந்து கிடந்தால் தூசி அதிகமாக அல்லவா வர வேண்டும்? எப்படிக் குறையும்?

அதைப் பார்க்கத்தான் ஊதுபத்தி.

முதலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனோம். செல்போன் டார்ச் வெளிச்சத்தில், பின்கதவுக்குப் பக்கத்தில் பத்தியைப் பிடித்தேன். புகை கதவை விட்டு விலகி, என் மூக்கை நோக்கி வளைந்தது. அப்படியென்றால் வெளிக்காற்று அந்த இடுக்கு வழியாக உள்ளே நுழைகிறது! ஓடுகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால் புழுதி சுருண்டு சுருண்டு துரத்திக்கொண்டு வருமே, பார்த்திருப்பீர்கள். அதைத்தான் வண்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

போன் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்தோணி ஏறி ஜன்னலைத் திறந்துவிட்டார். மறுபடியும் கிளம்பினோம்.

புகை ஒரு கணம் தயங்கியது. பிறகு மொத்தமாகத் திரும்பிப் பின்கதவை நோக்கிப் போனது. பூசை முடிந்து கோயிலை விட்டுக் கலையும் கூட்டம் மாதிரி, இருக்கிற இடுக்குகளில் எல்லாம் நுழைந்து வெளியேறியது. முன்னால் வந்த காற்று கூண்டை நிரப்பி, எல்லா ஓட்டைகள் வழியாகவும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்துக்கொண்டு தூசி எப்படி உள்ளே வரும்?

வாழ்நாள் முழுக்க சுவாசித்த காற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அடைத்து அடைத்துத் தோற்றோமே... நிரப்பினால் போதும் என்று யாருக்குத் தோன்றியது?

"எக்கா, உசுரோட கீறியா?" என்று அந்தோணி போனில் கத்தினார். புகையைப் பார்த்தபடியே "ஊம்" என்றேன்.

முன்னால் வருவதும் எண்ணூர்க் காற்றுதானே? ஸ்டெல்லா இட்லித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து ஜன்னலில் இழுத்துக் கட்டினாள்.

கல்யாணத்தன்று காலை கேக் கிளம்பியது. மூன்று அடுக்கு, முழு வெள்ளை. கேபினில் எனக்கும் அந்தோணிக்கும் நடுவே ஸ்டெல்லா, கையில் ஜெபமாலை. முன்னால் போகும் லாரியே தெரியாத அளவுக்குப் புழுதி. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. காத்திவாக்கத்தில் ஹால் வாசலில் இறங்கியும் கூண்டுப் பக்கம் போகவில்லை.

"நீங்க பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தேன். இட்லித் துணி அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. கேக் முந்தின இரவு ஸ்டெல்லா முடித்து வைத்தபடியே இருந்தது. கையைப் பிடித்து இழுத்துவந்து அவளுக்கும் காட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஹாலில் கேக்கை இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் பிரின்சியின் அம்மா வேகமாக வந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்து மாதா கோயில் வாசலில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் கையில் ஒரு ஸ்பூன்.

"எதுக்கும்மா ஸ்பூன்?" என்று கேட்டேன்.

"மேலால கரி உக்காந்துகினு இருக்கும்ல. பொண்ணு பாக்கறதுக்குள்ள வழிச்சி எடுத்துடலாம்னு..."

கேக்கை இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார். ஸ்பூன் பிடித்த கை அப்படியே நின்றது.

"வழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியேம்மா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பூனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய், போட்டோ அப்பால எட்த்துக்கலாம். பொண்ண இட்டுனு வாங்கடி!"