தலைக்கட்டுக்கு ஒரு கை

மலையை வெட்டிக் கேரளத்துக்கு ரோடு போடலாமா, கூடாதா என்று எங்கள் ஊரைக் கேட்டார்கள். தேவாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் காடு. ஊர் கூடி ஒரே தீர்மானமாக எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டி ஏறிப் போய்விட்டார். அவருக்கென்ன? அன்றைக்கே டீக்கடையில் ரோட்டுக்காரர்கள் ஒரு பெஞ்சு, காட்டுக்காரர்கள் ஒரு பெஞ்சு என்று ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பெஞ்சு. அதில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேரும் உட்கார வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ரோடு ஆகாது. காட்டிலிருந்து இறங்கும் ஓடைதான் எங்கள் கிணற்றுக்கு ஊற்று. கிணறு போனால் தென்னை போச்சு. அவருடைய தம்பி ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன்னே ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வழியாகச் சுற்றிப் போகிறவன். நேர் ரோடு வந்தால் அந்தச் சுற்று கிடையாது.

“மரத்தை வெட்டுனா ஓடை செத்துரும்டா” என்பார் இவர்.

“மரத்துக்குப் பாவம் பாக்குறீக. பனி மூட்டத்துல, கொண்டை ஊசி வளைவுல நெருக்கியடிச்சு உக்காந்து வர்ற பொம்பளைகளுக்கு யாருண்ணே பாவம் பாக்குறது?” என்பான் அவன்.

இரண்டும் நியாயம்தான். எனக்கு ஓடையும் வேண்டும், அவன் தினமும் முழுசாக வீடு வந்து சேரவும் வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால் சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். என் கையால் தின்று வளர்ந்தவன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு ஒரு கைதான். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற குடும்பம் ஒரு தலைக்கட்டு. கோயிலுக்கு ஒரே வரி கட்டும், கூட்டத்தில் ஒரே கை தூக்கும். எங்கள் வீட்டுக் கை மூத்தவரான இவர் கை.

கூட்டம் சமுதாயக்கூடத்தில். ஆண்கள் உள்ளே, நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. நாட்டாமை கேட்டார். ரோடு வேண்டாம் என்று இவர் கை தூக்கினார். பிறகு ரோடு வேண்டும் என்கிறவர்களைத் தூக்கச் சொன்னார்கள். அந்தக் கைகளுக்கு நடுவே என் கொழுந்தன் கையும் இருந்தது.

“ஏலே, ஒங்க வீட்டுக் கைதான் ஏற்கெனவே தூக்கியாச்சே?” என்றார் நாட்டாமை.

“நான் தனி வரி. இன்னிக்கிருந்து தனித் தலைக்கட்டு” என்றான் அவன், அண்ணனைப் பார்க்காமல்.

பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும் என்பது அவள் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

எண்ணிப் பார்த்தார்கள். அவன் கையைச் சேர்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம், ஒரே தீர்மானம் எழுத முடியாது. சேர்க்காவிட்டால் ரோடு கிடையாது. உள்ளே ஒரே கூச்சல். ஒருத்தர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “வாயால சொன்னாத் தனித் தலைக்கட்டாயிருமா? அடுப்பு தனியா இருக்கான்னு கேளுங்க!”

நாட்டாமை என் வீட்டுக்காரரைக் கேட்டார். “ஏப்பா, ஒங்க வீட்டுல அடுப்பு ஒண்ணா, ரெண்டா?”

இவர் தரையைப் பார்த்தார். ஒன்று என்றால் தம்பியை ஊர் நடுவே பொய்யனாக்கியதாகும். இரண்டு என்றால் வீடு போச்சு. இந்த மனுசனுக்கு வேண்டிய நேரத்தில் வாய் வந்ததே கிடையாது.

“அடுப்பு விசயம் அவருக்கு என்ன தெரியும்? அங்கன ஜன்னல்ல நிக்குதுல்ல, அந்த ஆத்தாவைக் கேளுங்க” என்றார் துண்டுக்காரர்.

எல்லா முகமும் திரும்பியது. என்னை ஊர் ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் காட்டைப் பற்றி இல்லை, அடுப்பைப் பற்றி. கொழுந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு என்று சொல்லுங்கள் மதினி என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

“ஒண்ணுதான்” என்றேன்.

அவன் கை இறங்கியது. ரோடு வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். வெளியே வந்தவர்கள் “காட்டைக் காப்பாத்திட்ட ஆத்தா” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. காட்டில் ஒரு இலையைக்கூட நான் நினைக்கவில்லை. என் வீட்டை என் வாயாலேயே இரண்டு என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். கொழுந்தன் உட்காரவில்லை. கொல்லைப்பக்கம் தொட்டி கட்ட வாங்கிப் போட்டிருந்த செங்கல்லை எடுத்து, மண் குழைத்து, மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் அடுப்பு கட்ட ஆரம்பித்தான். இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவன் பெண்டாட்டி என் அடுக்களைக்கு வந்து, “அக்கா, ஒரு பானை மட்டும் எடுத்துக்கிறேன்” என்றாள். அழுதுகொண்டே எடுத்தாள். நானும் அழுதுகொண்டே மூடியையும் எடுத்துக் கொடுத்தேன்.

ரோட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தீர்மானம் செல்லாது, மறுகூட்டம் வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். மறுவாரமே நாட்டாமையும் சரி என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவனுக்கு அது என்றால் உயிர். ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி எடுத்துப் போனேன். புது அடுப்புக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு வெறும் ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தான். கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு வேலிப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

“கொண்டு போயிருங்க மதினி” என்றான் மெதுவாக. “யாராச்சும் பாத்தா மறுபடியும் ஒரே அடுப்புன்னுருவாக. அடுத்த கூட்டத்துல எனக்குக் கை வேணும்.”

கிண்ணம் கையில் சுட்டது. திரும்பி வந்து, குழம்பை எங்கள் சட்டியிலேயே ஊற்றினேன்.