மாமியின் பெட்டியில் ஒரு துவக்குக் குழல்

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். நான் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சமுத்திரமும், யார் சொல்வது சரி என்ற சின்ன வயதுச் சண்டையும் கிடக்கின்றன. சமுத்திரத்தை விமானம் ஏறிக் கடந்துவிடலாம். சண்டையில் நான் எப்படி வென்றேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அடக்கமாகச் சொல்லுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் நோர்வே தோழி ஒருத்தி ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவாள். எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடும் குழு ஒன்றுக்கு அவள்தான் தலைவி. திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் இறைச்சி கொண்டுவருவாள். அதை மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிக் கறியாக்கி அவளுக்கே கொடுத்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு, "நீயும் வாவேன்" என்றாள்.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டேன். வேட்டைப் பரீட்சைக்கு நோர்வே மொழியில் படித்தேன், சித்தியடைந்தேன். தோழி தன்னுடைய பழைய வேட்டைத் துப்பாக்கியை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னாள்; எங்கள் பேச்சில் துவக்கு. பொலிசுக்கு விண்ணப்பித்து, அனுமதி வாங்கி, படுக்கையறைச் சுவரில் இரும்புப் பெட்டகம் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் துவக்கை வைத்தேன்.

என் மனுசன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்திவிட்டுக் கேட்டார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ இஞ்சை வந்து துவக்குத் தூக்கப் போறியோ?"

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். ஆனால் மனதுக்குள் ஆசை மட்டும் அசையாமல் இருந்தது.

துவக்கில் இரண்டு குறைகள் இருந்தன. குழலின் உள்ளே துரு அரித்திருந்தது, குறி நிற்கவில்லை. தோளில் வைக்கிற மரப்பிடி, உயர்ந்து வளர்ந்த நோர்வேக்காரருக்காகச் செய்தது, என் கைக்கு நீளம். நல்ல காலம், அது வீட்டிலேயே பாகம் பாகமாகக் கழற்றி, திரும்பப் பொருத்திப் பூட்டக்கூடிய வகைத் துவக்கு. புதிய குழலும் கட்டையான பிடியும் கிடைத்தால் குசினியில், சமைக்கிற மேசையில் வைத்து நானே பூட்டிவிடலாம். வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன் சுடும் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். அதில் தவறினால் குழுவில் எனக்கு இடமில்லை. இதையெல்லாம் தம்பியிடம் போனில் புலம்பினேன். அதுதான் வினையாகிப் போனது.

அந்த மாதம் ஒஸ்லோவில் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். தம்பியின் மாமியார் அமெரிக்காவிலிருந்து வருகிறார். நானும் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் சனத்தில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவருடைய பெட்டி அவருடையது அல்ல, அது ஊருக்கே பொது. ஒருவர் சீலை கொடுத்துவிடுவார், ஒருவர் ஊறுகாய் கொடுத்துவிடுவார். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு.

மாமி புறப்படும் நாளன்று, எங்களுக்குப் பின்னேரம், தம்பி போன் எடுத்தான். "அக்கா, உனக்கு ஒரு சாமான் வருது. மாமியின்ரை பெட்டிக்குள்ளை புதுக் குழல் வைச்சிருக்கிறன். உன்ரை துவக்குக்கு அச்சாவாப் பொருந்தும். பிடியை நீ அங்கை வாங்கு, பூட்டு, சுடு!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்ரை குஞ்சு" என்று கொஞ்சினேன். போனை வைத்துவிட்டு, பிடி வாங்க என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்பதற்காகப் பொலிசின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மரப்பிடிக்கு அனுமதி தேவையில்லை என்று புரிந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் கீழே போனேன். அங்கே குழலைப் பற்றி எழுதியிருந்தது. குழல் தனியாக இருந்தாலும் அது துவக்கின் பாகம். அதற்குத் தனி அனுமதி வேண்டும். துவக்குக்கு வாங்கிய அனுமதி புதுக் குழலுக்குச் செல்லாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் அதற்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

திரும்பவும் வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட நான் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. மாமியின் பெட்டிக்குள் சீலையோடு வந்துகொண்டிருப்பது, இந்த நாட்டுச் சட்டத்தின்படி, கள்ளத் துவக்கு! விமான நிலையத்தில் பிடித்தால் மாமியை மறித்து வைப்பார்கள். குழல் யாருக்கு என்று கேட்பார்கள். என் அனுமதி போகும், துவக்கு போகும், வேட்டையும் போகும். கலியாண வீட்டில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது?

தம்பிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மாமிக்கு எடுத்தேன். "ஓம் பிள்ளை, நாங்கள் காரிலை எயார்போட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறம். தம்பிதான் கார் ஓடுறார்" என்றார்.

"மாமி, போனை அவனுக்குக் கேக்கிற மாதிரிப் பிடியுங்கோ. டேய், அந்தக் குழலை வெளியிலை எடு!"

"ஏன்? என்ன நடந்தது?"

"இஞ்சை அதுக்கு அனுமதி வேணுமடா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் என் எட்டு வயதிலிருந்து அறிவேன். "அக்கா, சும்மா வெருட்டாதை. இஞ்சை நம்பர் அடிச்ச நடுத்துண்டுதான் சட்டப்படி துவக்கு. குழல் வெறும் இரும்பு. என்ரை துவக்கை நான் வீட்டிலை பூட்டினனான், குழல் தபாலிலை வாசலுக்கு வந்தது. ஆரும் ஒண்டும் கேக்கேல்லை."

"உன்ரை மாநிலத்திலை அது இரும்பாய் இருக்கட்டும். இஞ்சை அது துவக்கு. உங்கடை நாட்டிலை இருந்து வெளியிலை அனுப்பவும் அனுமதி வேணுமாம், அது தெரியுமோ உனக்கு?"

"உனக்கு எப்பவும் பயம்."

"விசரா! பயம் இல்லையடா, நான் வாசிச்சனான்! நீ வாசிச்சனியோ?"

பிறகு மாமியின் குரல் மெதுவாகக் கேட்டது. "துவக்கோ? ஐயோ பிள்ளை, நான் அது உங்கடை குசினிக் குழாய்க்கு ஏதோ சாமான் எண்டெல்லோ நினைச்சன். என்ரை கூறைச் சீலைக்குள்ளை சுத்தி வைச்சிருக்கிறன்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம் மனுசி, கலியாணத்துக்கு உடுக்க எடுத்து வைத்த சீலை. "மாமி, அதை எடுத்து அவன்ரை காருக்குள்ளை போட்டிட்டு ஏறுங்கோ. இல்லாட்டில் தயவுசெய்து ஏறாதேங்கோ" என்றேன்.

"எடுக்கிறன், எடுக்கிறன்" என்று தம்பி உறுமினான். "ஆசையா வாங்கினது, தெரியுமோ?" என்றும் சொன்னான். அந்தக் குரல் எனக்கு நெஞ்சைச் சுட்டது. அவன் எனக்கென்று ஆசையாக வாங்கியது உண்மை. ஆனால் நான் இளகவில்லை. போன் நின்றுவிட்டது.

அவன் எடுத்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தம்பியின் பிடிவாதம் எனக்குத் தெரியும். மாமியின் கண் தப்பிய நேரம் திரும்ப உள்ளே திணித்துவிட்டு, வந்து சேர்ந்த பிறகு "பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை" என்று சிரிக்கக்கூடிய ஆள் அவன்.

அடுத்த நாள் நானும் மனுசனும் விமான நிலையத்தில் நின்றோம். மாமி வந்த விமானத்து ஆட்கள் எல்லோரும் வண்டி தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மாமியைக் காணவில்லை. கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் மனுசன். பொலிஸ்காரர் ஒருவர் கடந்து போனதும் அவர் தூணோடு ஒதுங்கினார். சீருடைக்காரரைக் கண்டால் இன்றைக்கும் அவருக்கு அப்படித்தான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். முருகா, அவன் எடுத்திருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

கதவு திறந்தது. மாமி வந்தார். வாயெல்லாம் சிரிப்பு. பின்னால் ஒரு சுங்க அதிகாரி, மாமியின் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

"பெட்டியை முழுக்கக் கொட்டிப் பாத்தவங்கள் பிள்ளை! உள்ளுக்குள்ளை நீட்டு நீட்டாய் ஏதோ இரும்பு தெரியுதாம்!"

எனக்கு உயிர் போய் வந்தது. "என்ன மாமி அது?"

"கலியாணத்துக்குக் குடுக்கிற குத்துவிளக்கு. தண்டு வேறை, தட்டு வேறையாக் கழட்டி வைச்சிருந்தனான். அவங்களுக்கு விளங்கேல்லை. அந்த மேசையிலையே ஒவ்வொண்டாய்த் திருகிப் பூட்டி நிப்பாட்டிக் காட்டினன். கையெடுத்துக் கும்பிட்டும் காட்டினன். எல்லாரும் சிரிச்சவங்கள்." பிறகு என் காதருகே குனிந்து, "அந்தச் சனியனும் கிடந்திருந்தால் நான் இப்ப எங்கை இருந்திருப்பன்?" என்று கேட்டார்.

நான் மாமியைக் கட்டிப்பிடித்தேன். மனுசன் முதல்முறையாக என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நல்ல மாதிரித்தான்.

அதன் பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். குழலுக்கு விண்ணப்பித்தேன். விளக்கம் கேட்டுப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி, பழைய குழலை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். "அதை ஒப்படைக்கிறேன், அதுவும் பாகம்தானே" என்றேன். அவர் தலையாட்டி, அனுமதி தருவதாகச் சொன்னார்.

வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் ஊரில் நான் பள்ளிக்கூடம் போன பாதையில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. துவக்கு வைத்திருந்தவன் கேட்பான், நான் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவனிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. இங்கே துவக்கு வைத்திருப்பவள் நான். ஆயிரம் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மனுசன் கேட்டதற்கும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். "அங்கை துவக்கு வைச்சிருந்தவனை ஆரும் கேள்வி கேக்கேல்லை. இஞ்சை என்னைக் கேக்கினம். அதுதான் வித்தியாசம்." அவர் யோசித்துவிட்டு, "பெட்டகத்துச் சாவியையாவது என்னட்டைத் தாவன்" என்றார். "தரேலாது, அனுமதி என்ரை பேரிலை, சட்டம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கடையில் குழலும் பிடியும் வாங்கிக் குசினி மேசையில் வைத்துப் பூட்டினேன். கலியாணம் முடிந்தும் மாமி எங்களோடு தங்கி நின்றார். பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "இறுக்கு பிள்ளை, இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று குத்துவிளக்குக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடி என் தோளில் வந்து அப்படியே உட்கார்ந்தது. எனக்கென்று செய்த ஒன்று இந்த நாட்டில் கிடைத்துவிட்டதே என்று நெஞ்சு நிறைந்துபோனது.

சுடும் பரீட்சைக்கு மனுசனும் வந்தார், காதைப் பொத்திக்கொண்டு கார்த் தரிப்பிடத்தில் நின்றார். நான் சுட்ட அத்தனையும் வட்டத்துக்குள். தோழி விசிலடித்தாள். பரீட்சை வைத்தவர் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூட்டியது யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அந்தக் காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் வாழ்த்துச் சொல்லவில்லை. வேறு கதை ஒன்றைத் தொடங்கினான்.

"அக்கா, நாங்கள் அடுத்த வருசம் வேறை மாநிலத்துக்கு மாறப் போறம். நான் வீட்டிலை பூட்டின துவக்கு அங்கை செல்லுமோ தெரியாது. இஞ்சை ஒரு மாநிலத்துக்கு ஒரு சட்டம். நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லுறியோ?"

நான் போட்ட கூச்சலில் குளித்துக்கொண்டிருந்த மனுசன் துவாயோடு ஓடி வந்தார்.

"வாசிச்சுச் சொல்லுறன் தம்பி. அதுவரைக்கும் அக்காவைக் கேக்காமல் ஒரு ஆணியையும் பூட்டாதை."

"ஓம் அக்கா" என்றான்.