மாமா கப்பலேறிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் ஒருவர் "சும்மாதான்" என்று சொன்னால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அம்மா யாருக்காவது தொலைபேசியில் "சும்மாதான் எடுத்தனான்" என்று தொடங்கினால், கதை முடிவதற்குள் ஒரு சண்டையாவது ஒரு சம்பந்தமாவது பிறந்துவிடும். ஆகவே ஒரு கோடைக்கால வெள்ளிக்கிழமை, சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சும்மா ஒரு நீராவிக் கப்பலில போயிட்டு வருவம்" என்றபோது, எனக்கு ஒன்பது வயதுதான் என்றாலும், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

அப்பா இடம் பார்க்கப் போகிற ஆள் இல்லை. டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் இருந்த எங்களுக்கு விடுமுறை என்றால் ஓல்போர்க்கில் பெரியப்பா வீடு, இல்லையென்றால் கோயில், அதுவும் இல்லையென்றால் யாருடையவாவது மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. ஏரியும் காடும் பார்ப்பது டேனிஷ்காரரின் வேலை. "தண்ணியைத் தண்ணியில நிண்டு பார்க்கிறதுக்கு ஒரு டிக்கெட்டோ?" என்று கேட்டுச் சிரிக்கிறவர் அவர். அந்த மனிதர் இப்போது நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகம் எடுத்துவந்து எனக்கு விளக்கம் சொன்னார். நூறு வருடங்களுக்கு முன்னால் கனவான்களும் சீமாட்டிகளும் ரயிலில் ஏரிக்கரைக்கு வருவார்களாம். அங்கே கரி எரித்து ஓடும் கப்பலில் ஏறுவார்களாம். வானமலை என்று டேனிஷ்காரர் பேர் வைத்திருக்கும் ஒரு மேட்டின் அடிவாரத்தில் இறங்கிக் காற்று வாங்கித் திரும்புவார்களாம். அந்தப் பழைய கப்பல் இன்னும் ஓடுகிறதாம். "சரித்திரம் பிள்ளை, சரித்திரம்" என்றார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

சனிக்கிழமை அம்மா ரோல்ஸ் சுடத் தொடங்கினார். நாலு பேருக்கு இவ்வளவு ரோல்ஸ் எதற்கு என்று கேட்டேன். கடலில் பசிக்கும் என்றார். ஏரி என்று திருத்தினேன். ஏரியிலும் பசிக்கும் என்றார்.

அந்த நாலாவது ஆள் மாமா. அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்னமே எங்களோடு வந்து சேர்ந்தவர். யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எனக்குச் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு என் தலையைப் பின்னி விடுகிறவரும் அவர்தான், அம்மா பின்னினால் நோகும். சனிக்கிழமை பின்னேரம் அந்த மாமாவைக் குளியலறையில் இருத்தி அப்பா முடி வெட்டினார். ஒரு புதுச் சேர்ட்டை அம்மா இரண்டு தரம் அயன் பண்ணினார். பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளையைப்போல மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என்ன விசயம் என்று அவரிடம் தனியாகக் கேட்டேன்.

"சும்மாதான்," என்றார்.

மாமாவும் இந்தக் கூட்டுக்கு உள்ளே. வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான்.

ஞாயிறு காலை ரயில் வந்து நின்றது. பெட்டி எங்களுக்கு நேரே நின்றும் அப்பா ஏறவில்லை. எங்களைக் கடைசிப் பெட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் கழிப்பறைக்கு என்று எழும்பி நடந்து பார்த்தால், நடுப்பெட்டியில் ஒரு தமிழ்க் குடும்பம். ஒரு ஐயா, ஒரு அம்மா, நீலச் சால்வை போட்ட ஒரு அக்கா. ஐயாவின் முகத்துக்கு முன்னால் பெரிய டேனிஷ் பத்திரிகை விரிந்திருந்தது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். சாதாரணமாக ஒரு தமிழ் முகம் தெரிந்தால், எந்த ஊர், ஆருடைய ஆள் என்று கேட்டு முடிக்கும்வரை அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்கு, "இருக்கட்டும் பிள்ளை, அவையும் எங்கயோ போயினம்" என்று யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு பன்றிப் பண்ணை போய்க்கொண்டிருந்தது. அதை அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததற்குப் பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஸ்கண்டர்போர்க்கில் ரயில் மாறினோம். அவர்களும் மாறினார்கள். சின்ன ரயில் காட்டுக்குள்ளாலும் ஏரிக்கரையோரமாகவும் போய் சில்கபோர்க்கில் விட்டது. கப்பல் வரிசையில் அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு டேனிஷ் பாட்டியும் அவருடைய நாயும் மட்டுந்தான்.

கப்பல் உண்மையாகவே அழகு. பித்தளை எல்லாம் மினுங்க, பக்கவாட்டுச் சக்கரம் தண்ணீரை அடித்து அடித்துத் தள்ள, கரிப்புகை தலைக்கு மேலால் போனது. உள்ளே சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. அகலத் தொப்பி போட்ட பெண்களும் கைத்தடி வைத்த ஆண்களும் அதே கப்பலில் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் எத்தனை பேர் "சும்மா" வந்தவர்களோ தெரியாது.

கப்பல் கரையை விட்டதும் அப்பா நடிக்கத் தொடங்கினார்.

"தமிழ் ஆக்கள் மாதிரிக் கிடக்கு. எவடம் நீங்கள்?"

"நாங்கள் ஒடென்சே. நீங்கள்?"

"ஹோர்சன்ஸ்."

"அட, கிட்டத்தானே. ஓமோம், ஓமோம்," என்று சொல்லி அந்த ஐயா ஒரு இருமலோடு சிரித்தார்.

அந்த ஓமோமையும் அந்த இருமலையும் எனக்குத் தெரியும். இரண்டு கிழமையாக எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அப்பா நிக்கிறாரோ பிள்ளை" என்று கேட்ட குரல். "அம்மா, இவர் டெலிபோன் ஐயா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் வாயில் ஒரு ரோலை வைத்தார். பிறகு பெட்டியை அவர்கள் பக்கம் நீட்டினார். அவர்களும் தற்செயலாக எங்களுக்கும் போதுமான வடை கொண்டுவந்திருந்தார்கள்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பொம்பிளை பார்க்க நேரே வீட்டுக்குப் போவதில்லை. கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது. சரிவந்தால் சாமி செயல். சரிவராவிட்டால் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவே இல்லை. ஆனால் மாமா ஏற்கெனவே மூன்று தரம் கோயிலில் தற்செயலாகச் சந்தித்துவிட்டார். இன்னொரு தரம் சந்தித்தால் ஐயரே என்ன விசயம் என்று கேட்பார். அதனால்தான் தமிழன் கால் வைக்காத இடமாகத் தேடி அப்பா சரித்திரத்தில் இறங்கியிருக்கிறார். ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. கோயில் என்றால், சம்பந்தம் பிடிக்காதவர்கள் திருநீற்றைப் பூசிக்கொண்டு காருக்குப் போகலாம்.

"பிடிக்காட்டி எங்க இறங்கிறது?" என்று அம்மா அவருடைய காதுக்குள் கேட்டார்.

அப்பா அப்போதுதான் முதன்முதலாக ஏரியைப் பார்த்தார். அது பெரிய ஏரி.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அம்மா இன்னும் ஒன்று சொன்னார். "சரிவந்தா தம்பி ஒடென்சேக்குப் போகவேணும். பொம்பிளைப் பிள்ளைக்கு அங்க நிரந்தர வேலை. மாப்பிள்ளை பொம்பிளை வீட்டதானே போறது." சரித்திரமும் இல்லை, காற்று வாங்குவதும் இல்லை. மாமாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள் கப்பலில் நிற்கிறார். நீலச் சால்வை போட்டுக்கொண்டு, என் அம்மாவின் ரோலையும் சாப்பிட்டுக்கொண்டு.

முன்னைய மூன்று இடமும் ஏன் சரிவரவில்லை என்று எனக்குத் தெரியும். மாமா நித்திரையில் கத்துவார். எல்லா நாளும் இல்லை. ஆனால் கத்தினால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரருக்கும் கேட்கும். ஊரில் யுத்தத்துக்குள் என்ன பார்த்தார் என்று அவரும் சொன்னதில்லை, எங்களில் ஒருவரும் கேட்டதுமில்லை. பொம்பிளை வீட்டார் கேட்கும்போதெல்லாம் அம்மா, பொடியன் தங்கம், ஒரு குறையும் இல்லை என்பார். பிறகு யாரோ ஒருவர் வாயால் அவர்களுக்கு விசயம் போய்விடும். அதோடு தொலைபேசி நின்றுவிடும். வெளியாட்களிடம் இதைப்பற்றி மூச்சுக் காட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எனக்கு இருந்த ஒரே கண்டிப்பான சட்டம்.

அந்த அக்கா கம்பிப் பக்கமாக நடந்து என்னிடம் வந்தார். எத்தனையாம் வகுப்பு என்று டேனிஷில் கேட்டார். டேனிஷில் சொன்னேன். மாமா நல்லவரா என்று கேட்டார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்து, சிரித்துச் சிரித்து வீட்டு நடப்பெல்லாம் விசாரித்துப் போனார். அந்தச் சிரிப்புத்தான் இது என்று பட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தமிழுக்கு மாறிக் கேட்டார்.

"இரவில நல்லா நித்திரை கொள்ளுறவரோ?"

எனக்கு வழி திறந்தது. இந்த ஆளைத் துரத்துவதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை அவரே கேட்டு வாங்குகிறார்.

"இல்லை," என்றேன். "கத்துவார். பெரிசாக் கத்துவார். கட்டிலால எழும்பிக் கதவுக்குப் பின்னால போய் நிப்பார்."

அவர் முகம் மாறவில்லை. அதனால் இன்னும் சொன்னேன். வேர்த்துக் கொட்டும், எங்களைத் தெரியாதவர் மாதிரிப் பார்ப்பார், விடியும்வரை குசினியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார், எல்லாம்.

"அப்ப நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"லைற்றைப் போட்டிட்டு, 'மாமா, இது ஹோர்சன்ஸ்' எண்டு சொல்லோணும். டென்மார்க் எண்டா விளங்காது. ஹோர்சன்ஸ் எண்டாத்தான் அடங்குவார்."

அவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பயந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம்.

"எங்கட அப்பாவுக்கு இரவில நாங்கள் ரேடியோ போடுறனாங்கள்," என்றார்.

இதை ஏன் எனக்குச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. எங்கள் அப்பாவும் ரேடியோ கேட்பார்தான். பயத்தில் கதையை மாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவருடைய அப்பா என் அப்பாவின் பகிடிக்கு ஓமோம் ஓமோம் என்று இருமிச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"ஒடென்சே எண்டு சொன்னா அடங்குவாரோ?"

"மாட்டார்," என்றேன் உறுதியாக. "அவர் ஒடென்சே பார்த்ததே இல்லை."

வானமலையில் இறங்கியபோது அந்த அக்கா ஒருவருடனும் கதைக்காமல் தனியாக ஏறிப் போனார். திரும்பி வருகையில் அவர்கள் முன்பக்கம் இருந்தார்கள், நாங்கள் பின்பக்கம். அம்மா ரோல்ஸ் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். புதுச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தானை மாமா கழற்றி விட்டார், நாலாவது முறையும் முடிந்தது என்பதுபோல. என்னுடைய தலையைத் தடவி, காற்றில் பின்னல் குலைந்துபோச்சு என்று சொல்லி, அங்கேயே இருந்து திரும்பப் பின்னிவிட்டார். அவருடைய விரல்கள் என் முடிக்குள் மெதுவாகப் போய்வந்தன. எனக்கு அந்த நாளைப்போல ஒரு நல்ல நாள் இல்லை.

ஸ்கண்டர்போர்க்கில் பெரிய ரயில் வந்தது. அப்பா பழக்கத்தில் கடைசிப் பெட்டிக்கு எங்களைக் கொண்டுபோனார். நாங்கள் இருந்து மூச்சு விடுவதற்குள் நீலச் சால்வை பெட்டிக்குள் வந்தது. தாயும் தகப்பனும் எங்கே என்று அம்மா எட்டிப் பார்த்தார். அக்கா தனியாகத்தான் வந்திருந்தார். நேரே வந்து மாமாவுக்கு எதிரே இருந்தார். எங்கள் ஆட்களின் வழக்கத்தில் பொம்பிளை அப்படி வந்து இருப்பதற்கு இடமே கிடையாது. அப்பாவுக்குப் பார்க்க ஒரு பன்றிப் பண்ணைகூட அந்த நேரம் வெளியில் அகப்படவில்லை.

"ஒடென்சேக்கு வந்திருக்கிறீங்களோ?" என்று மாமாவைக் கேட்டார்.

"இல்லை," என்றார் மாமா. கழற்றிவிட்ட கழுத்துப் பொத்தானைத் திரும்பப் பூட்டினார்.

"ஒருக்கா வந்து பாருங்கோ. தெருவெல்லாம் நடந்து, நல்லாப் பார்த்துப் பழகுங்கோ."

அம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை; நான் அந்த அக்காவை முறைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சொல்லியும் இந்த ஆளுக்கு ஏன் பயம் வரவில்லை? நான் சொன்னது காணாது போலிருக்கிறது. மாமா குறட்டை விடுவதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஹோர்சன்ஸ் வரும்வரைக்கும் மனம் நொந்துகொண்டே வந்தேன்.