ஆமென் வராத ஜெபம்

தன் தம்பியைக் கடித்துவிட்டு, என் மகள் கட்டிலோரம் ஓடி முழங்கால் போட்டாள். "இயேசப்பா, நான் பாவி" என்று குரலை நடுங்கவிட்டாள். ஒரு கண் மட்டும் திறந்து என்னைப் பார்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த வீட்டில் யாரும் அப்படி ஜெபிப்பதில்லை. ஆனால் அந்த நடுக்கம் எனக்குப் பழக்கமானது.

என் சின்ன வயதில், ராஜபாளையத்தில் அப்பா அப்படித்தான் ஜெபிப்பார். மில்லிலிருந்து வந்ததும், காதோரம் ஒட்டிய பஞ்சுகூடப் போகாமல், பாயில் முழங்காலிட்டு அழுவார். பக்கத்து வீடு வரை கேட்கும். அந்த அழுகை ஆண்டவருக்கா, பக்கத்து வீட்டுக்கா என்று கண்ணை மூடாமல் கவனிப்பேன்.

ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைச் சுவரில் எறிந்தார். அம்மா சுவரைத் துடைத்தாள். அன்று மாலை ஜெபத்தில் அழுகை வழக்கத்தைவிட நீண்டது. முடிந்ததும் அம்மா ஆமென் சொல்லவில்லை.

"ஆமென் சொல்லு, ஏட்டி."

"ஆண்டவர்ட்ட அம்புட்டும் சொல்லிட்டிய. செவுத்தத் தொடச்சது நாந்தான. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

அப்பா கோபித்து எழுவார் என்று பயந்தேன். அவர் முழங்காலிலேயே அம்மா பக்கம் திரும்பினார்.

"தட்ட எறிஞ்சது தப்புதான். மன்னிச்சுக்க."

கண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கே மெல்லத்தான் கேட்டது. அதனால்தான் நம்பினேன். அப்புறம்தான் அம்மா ஆமென் சொன்னாள்.

மகள் ஜெபத்தை முடித்துவிட்டு, ஆமெனுக்காக என் வாயைப் பார்க்கிறாள். சின்னப் பிள்ளையிடம் இவ்வளவு சந்தேகம் ஆகுமா, தெரியவில்லை. விம்மிக்கொண்டிருக்கும் தம்பியைத் தூக்கி அவள் எதிரே உட்காரவைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.